உத்தியோகமும் முயற்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேசும்படி எமக்குத் தரப்பட்ட பொருள் உத்தியோகமும் முயற்சியும் என்பதாகும். கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிய கொம்பனிகளிலும், இந்நாளில் ஸ்டார்ட்-அப் என்று வழங்கப்பெறும் புதுமுயற்சி நிறுவனங்களிலும் மாறி மாறித் தொழில் பார்த்தவர் என்ற ஒரு காரணத்தினாலேயே சங்கத்தார் எம்மை இம்மேடைக்கு அழைத்தனர் என்பதை நாம் அறிவோம். ஆகவே பெரிய தத்துவங்களுக்குள் நுழையாது, கண்டவையும் கற்றவையுமாகிய சிலவற்றை மாத்திரம் உங்கள் முன்னிலையில் வைக்க விரும்புகின்றோம்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. இதைக் கேட்டு இளைஞர்கள் நகைப்பதுண்டு. ஆனால் இப்பழமொழி சோம்பலில் பிறந்ததன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. கிணற்று நீரை இறைத்துச் சிறு துண்டு நிலத்தைப் பண்படுத்தி வாழ்ந்த குடும்பத்தில், ஒரு பிள்ளை இலிகிதராகவோ புகையிரத நிலைய அதிபராகவோ அமர்ந்துவிட்டால், மழை பொய்த்த ஆண்டிலும் அடுப்பு எரிந்தது. அந்த மாதச் சம்பளத்தை நம்பியே நம் பாட்டன்மார் மலாயா வரைக்கும் கப்பலேறினர். தங்கைமாரின் கலியாணம், தம்பிமாரின் படிப்பு, பெற்றோரின் முதுமை ஆகிய மூன்றையும் ஓர் உத்தியோகமே தாங்கிற்று. எனவே, நிலையான தொழிலை விட்டுவிடாதே என்று பெரியோர் கூறும்போது, அதனுள்ளே ஒரு தலைமுறையின் பட்டறிவு அடங்கியிருக்கிறது என்பதை இளைஞர்கள் முதலில் உணரவேண்டும்.

ஆயினும் பெரியோர்களும் ஒன்றை உணரவேண்டும். அன்று அவர்கள் கண்ட நிலையான உத்தியோகம் இன்று தனியார் துறையில் அதே உருவத்தில் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் புகைப்படச் சுருள் விற்ற கொடக் கொம்பனி 2012ஆம் ஆண்டு சனவரியில் நீதிமன்றத்தில் முறிவுப் பாதுகாப்புக் கோரி நின்றது. 2023ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், மூன்று நாள்களுக்குள்ளே, மைக்ரோசொவ்ற் 10,000 பேரையும் கூகிள் 12,000 பேரையும் வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தன. இவை நலிந்துபோன கொம்பனிகள் அல்ல. உலகத்திலேயே பெருஞ்செல்வம் படைத்தவை. கோட்டை பெரிதாயிருப்பதனால் மாத்திரம் உள்ளே இருப்பவனுக்குக் காவல் உண்டு என்று சொல்வதற்கில்லை.

மறுபுறம், சொந்தமாக ஒன்றைத் தொடங்குவதே ஆண்மை, பிறரிடம் வேலை பார்ப்பது அடிமைத்தனம் என்று பேசும் இளைஞர்களும் இன்று பலர் உளர். அவர்களுக்கும் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் தொழில் புள்ளிவிவரப் பணியகம் நீண்டகாலமாகத் திரட்டிவரும் கணக்கின்படி, அந்நாட்டில் புதிதாகத் தொடங்கப்படும் தொழில் நிலையங்களில் ஏறத்தாழ அரைவாசியே ஐந்தாண்டுக்கு மேல் நிலைக்கின்றன. மூலதனமும் சந்தையும் நிறைந்த நாட்டிலேயே நிலைமை இதுவாயின், 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்த எமது நாட்டில், அதே ஆண்டு சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறிய எமது நாட்டில், முயற்சியாளன் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படியாயின் வழி யாது? உத்தியோகமா, முயற்சியா என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதையே வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே பிழையானது என்பது எமது கருத்து. இவ்விரண்டுக்கும் இடையே போய்வந்தவர்களே பெருங்காரியங்கள் பலவற்றைச் சாதித்திருக்கின்றனர். உதாரணத்துக்குச் சிலருடைய வரலாற்றைப் பார்ப்போம்.

றொபேட் நொய்ஸ் என்பவர் 1953இல் கலாநிதிப் பட்டம் பெற்றபின் பில்கோ என்னும் பெரிய வானொலிக் கொம்பனியில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். 1956இல் அவர் கலிபோர்னியாவுக்குச் சென்று, திரான்சிஸ்ரரைக் கண்டறிந்த மூவருள் ஒருவராகிய வில்லியம் ஷொக்லியின் ஆய்வுகூடத்தில் அமர்ந்தார். ஷொக்லி அவ்வாண்டிலேயே நோபல் பரிசு பெற்ற மேதை. ஆனால் மனிதரை நடத்தத் தெரியாதவர். 1957இல் நொய்ஸ் உட்பட எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறினர். அவர்களுக்கு முதல் கொடுக்கப் பல கொம்பனிகள் மறுத்தன. ஈற்றில் பெயர்சைல்ட் என்னும் புகைப்படக் கருவிக் கொம்பனி ஏறத்தாழ 14 இலட்சம் டொலர் தர இணங்கிற்று. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது: புதிய நிறுவனத்தை 30 இலட்சம் டொலருக்கு முழுவதுமாக வாங்கிக்கொள்ளும் உரிமை தனக்கு இருக்கவேண்டும் என்பதே அது. அவ்வாறே பின்னர் வாங்கியும் கொண்டது. முயற்சியாளராய்ப் புறப்பட்ட எண்மரும் மீண்டும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களாயினர்.

கதை அதோடு முடியவில்லை. 1968இல் நொய்சும் கோர்டன் மூரும் பெயர்சைல்டிலிருந்து விலகி இன்ரெல் நிறுவனத்தைத் தொடங்கினர். 1971இல் அந்நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லே கணனியின் மூளையை ஒரே துண்டில் அடக்கி விற்பனைக்கு வந்த முன்னோடியாகும். அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராகிய பெடரிக்கோ பஜின் முன்பு பெயர்சைல்டில் வேலை பார்த்தவர். அவரும் 1974இல் இன்ரெலை விட்டுச் சைலொக் என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். நொய்சோ தம் இறுதிக் காலத்தில், 1988 முதல் 1990இல் மறையும் வரையில், பல பெரிய கொம்பனிகளும் அமெரிக்க அரசாங்கமும் கூட்டாக நடத்திய செமாரெக் என்னும் ஆராய்ச்சி அமைப்புக்குத் தலைமை தாங்கினார். பெரிய கொம்பனி, சிறிய ஆய்வுகூடம், சொந்த முயற்சி, மீண்டும் உத்தியோகம், மீண்டும் முயற்சி, ஈற்றில் பொதுப்பணி என ஒரே மனிதர் இத்தனை படிகளையும் ஏறி இறங்கியிருக்கிறார்.

இவ்வாறு போய்வர அவர்களுக்கு இயன்றமைக்கு அந்நிலத்துச் சட்டமும் ஒரு காரணம். ஒரு கொம்பனியை விட்டு விலகுபவன் அதே தொழிலைப் பிறிதோரிடத்தில் செய்யக்கூடாது என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களைக் கலிபோர்னியா மாநிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டே பொதுவாகச் செல்லுபடியற்றவை என்று கொண்டிருக்கிறது. வழி அடைபடாத இடத்திலே அறிவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பாய்ந்தது. ஆகவே, இளைஞர்களே, நியமனக் கடிதத்தில் கையொப்பம் இடுமுன், விலகியபின் உங்களைக் கட்டிவைக்கும் வாசகம் ஏதும் உண்டா என்று ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள்.

இந்தியாவுக்கு வருவோம். நாராயண மூர்த்தி அவர்கள் முதலில் தொடங்கிய சொவ்ற்றொனிக்ஸ் என்னும் சிறு நிறுவனம் நெடுநாள் நிலைக்கவில்லை. அவர் மூலையில் உட்கார்ந்துவிடாமல் பற்னி என்னும் கணனிக் கொம்பனியில் உத்தியோகத்துக்குச் சென்றார். 1981இல், அங்கே உடனிருந்த ஆறு பேருடன் கூடி, மனைவியார் சுதா மூர்த்தி கொடுத்த 10,000 ரூபாவைக் கொண்டு இன்போசிசைத் தொடங்கினார். 1999இல் அந்நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பதிவு பெற்றது. முதல் முயற்சி நின்றுபோனவுடன் அவர் எடுத்த உத்தியோகமே அடுத்த முயற்சிக்கு வேண்டிய தோழர்களை அவருக்குத் தேடிக்கொடுத்தது.

தமிழர் நடுவிலும் இத்தகைய சங்கிலி ஒன்று உண்டு. சிறீதர் வேம்பு அவர்கள் அமெரிக்காவில் குவால்கொம் கொம்பனியில் பொறியியலாளராயிருந்து, பின்னர் 1996இல் தொடங்கிய நிறுவனத்தில் பங்காளரானார். அதுவே இன்று ஸோஹோ என்று வழங்கப்படுகிறது. அந்த ஸோஹோவில் பல ஆண்டு பணிசெய்து உயர்ந்த கிரிஷ் மாத்ருபூதம் அவர்கள் 2010இல் விலகிச் சென்னையில் தொடங்கிய நிறுவனமே, பிரெஷ்வேர்க்ஸ் என்னும் பெயருடன் 2021இல் நாஸ்டாக் சந்தையை அடைந்தது. எமது இலங்கையிலும், ஐ.பி.எம். கொம்பனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய கலாநிதி சஞ்சீவ வீரவரண அவர்கள் 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கி உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றார். இவர்களுள் ஒருவரேனும் வெறுங்கையுடன் முயற்சிக்கு வந்தவர் அல்லர். உத்தியோகத்தில் இருந்தபோதே தொழிலைக் கற்று, நல்ல பெயரையும் நல்ல துணைவரையும் தேடிக்கொண்டு வந்தவர்கள்.

இனி, எமது சிறிய அனுபவத்தையும் சொல்லுகின்றோம். பெரிய கொம்பனி எமக்கு ஒழுங்கைக் கற்பித்தது. ஒரு காரியத்தை எழுதிவைத்துச் செய்வது, கணக்கை இருவர் பார்ப்பது, ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் அந்த வேலையைத் தொடரக்கூடியதாக வைத்திருப்பது, வாடிக்கையாளருக்குக் கொடுத்த தவணையைக் காப்பது என்பவையெல்லாம் அங்கே பழகியவை. ஆனால் அங்கே நாம் செய்த வேலை எவருக்குப் பயன்பட்டது என்பதை ஆண்டுக்கணக்கில் அறியாமலே இருந்துவிடவும் முடிந்தது. சிறிய நிறுவனம் இதற்கு நேர்மாறு. வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஏழு பேராக இருந்தோம். காலையில் மென்பொருள் எழுதினோம். மதியம் வாடிக்கையாளருடன் பேசினோம். மாலையில் மின்சாரப் பட்டியலைக் கட்ட வரிசையில் நின்றோம். காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை அங்கேதான் கண்ணால் கண்டோம்.

2008ஆம் ஆண்டில் உலகெங்கும் பணமுடை வந்தபோது, எமக்கு வேலை தந்த ஒரே வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார். மூன்று மாதச் சம்பளம் தடைப்பட்டது. எம்முடன் இருந்தவர்களுள் வவுனியாவிலிருந்து வந்த ஒரு தம்பிக்கு வயது இருபத்துமூன்று. ஒருநாள் மாலை அவன் எமது மேசைக்கு அருகில் வந்து, "அண்ணை, இந்த மாசம் வீட்டுக்கு என்னத்தை அனுப்புறது? அம்மா கடைக்காரனிட்டைத் தவணை சொல்லிப்போட்டா" என்றான். அதற்கு மறுமொழி சொல்ல எவராலும் முடியவில்லை. நிறுவனத்தை நடத்தியவர் தமது வாகனத்தை விற்று எல்லோருக்கும் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தார். மூன்றாம் மாதத்தது வரவேயில்லை. சில ஆண்டுகளின்பின் நாம் இருந்த ஒரு பெரிய கொம்பனியில் ஒரு பகுதி முழுவதையும் மூடினார்கள். நட்டஈடு ஒழுங்காகக் கிடைத்தது. ஆனால் கடிதம் கணனியில் வந்தது. பல ஆண்டு உழைத்தவர்களை நேரிலே கண்டு ஒரு வார்த்தை சொல்ல எவரும் வரவில்லை. ஓரிடத்தில் அன்பு இருந்தும் காசு இல்லை. மற்றோரிடத்தில் காசு இருந்தும் அன்பு இல்லை. எந்த இடமும் முற்றும் நல்லதன்று, எந்த இடமும் முற்றும் தீயதன்று என்பதை அன்று தெளிந்தோம்.

அந்தத் தம்பியின் கேள்விதான் இன்று நாம் உங்களுக்குச் சொல்லவந்ததன் சாரம். வேலை மாறுபவன் தான் ஒருவன் மாத்திரம் மாறுவதில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. முயற்சி தொடங்குபவனுக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன.

திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்ன அந்த ஒழுங்கு உத்தியோகம் மாறும் இளைஞனுக்கும் பொருந்தும்.

முதலாவது, செய்யப்போகும் காரியத்தைத் தெரிதல். புதுமுயற்சி நிறுவனம் உங்களை அழைத்தால், அதன் பொருளைக் காசு கொடுத்து வாங்குபவர் யார், அவர் ஒருவரா பலரா, கையில் உள்ள பணம் எத்தனை மாதத்துக்குப் போதும் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. மறுமொழி சொல்ல மறுப்பவரிடம் போகாதிருப்பதே நன்று.

இரண்டாவது, வலியறிதல். உங்கள் தொழில் திறமை எவ்வளவு என்பதுடன், வீட்டின் வலிமை எவ்வளவு என்பதையும் அளந்து பாருங்கள். சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் குடும்பம் நடக்குமா? வங்கிக் கடன் உண்டா? வீட்டில் நோயாளர் உளரா? இவற்றைப் பெற்றோரிடமும் மனைவியிடமும் மறைத்து முயற்சிக்குப் புறப்படுபவன் தைரியசாலி அல்லன்.

மூன்றாவது, காலமறிதல். எமது நாட்டுச் சட்டங்களை இங்கே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 நீங்களும், அதற்கு மேலாக நூற்றுக்கு 12 தொழில் கொடுப்பவரும் கட்டவேண்டும். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டத்தின்படி இன்னும் நூற்றுக்கு 3 தொழில் கொடுப்பவர் பொறுப்பு. ஒரே ஒருவர் வேலை செய்யும் சிறு கந்தோருக்கும் சேமலாப நிதிக் கடமை உண்டு. வேலை மாறினாலும் அப்பணம் உங்களுடையதே. புதுமுயற்சி என்ற பெயரால் இதைக் கட்டாது விடுவோரும் உளர். ஆதலால் மாதந்தோறும் பணம் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வேறுவகையானது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு நிறைவு செய்தவருக்கே, மாதச் சம்பளம் பெறுபவராயின் ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் அது கிடைக்கும். நான்கு ஆண்டும் பத்து மாதமும் ஆனபின் அவசரப்பட்டு விலகுபவன் இரண்டு மாதப் பொறுமை இல்லாமையால் இரண்டரை மாதச் சம்பளத்தை இழக்கிறான்.

நான்காவது, இடனறிதல். சம்பளத்தைக் குறைத்துப் பங்குரிமை தருவதாகப் பல நிறுவனங்கள் சொல்லும். வழக்கமாக அவ்வுரிமை நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே கைக்கு வரும். முதலாண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை. நிறுவனம் விற்கப்பட்டாலோ, பங்குச் சந்தைக்குப் போனாலோ அன்றி அக்கடதாசியைக் காசாக்குவது அரிது. விற்கப்பட்டாலும் முதலிட்டவர்கள் தமக்குரியதை முதலில் எடுத்துக்கொள்வதே பெரும்பாலும் வழக்கம். ஆகவே பங்குரிமையை ஒரு நம்பிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக் காணிக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

விலகும் முறையிலும் ஒரு தருமம் உண்டு. செய்துகொண்டிருந்த வேலையை அடுத்தவர் தொடரும்படி எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள். கொம்பனியின் இரகசியங்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துச் செல்லாதீர்கள். சென்ற இடத்தில் பழைய இடத்தைத் தூற்றாதீர்கள். இத்தீவு சிறியது, கொழும்பிலே மென்பொருள் தொழில் செய்வோரின் உலகம் அதனிலும் சிறியது. இன்று விட்டுப்போகும் மேலதிகாரியே ஐந்து ஆண்டின்பின் உங்கள் வாடிக்கையாளராக வரக்கூடும். எமக்கு இரண்டு வேலைகள் அவ்வாறு பழைய இடத்தார் சொன்ன நல்வார்த்தையினாலேயே கிடைத்தன.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முயற்சி ஒன்றில் ஈடுபட்டு, அது நின்றுபோய், வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையை அயலவர் முன்னிலையில் இகழாதீர்கள். கலியாணப் பேச்சிலே, மாப்பிள்ளை நான்கு இடம் மாறியவர் என்று குறை கூறுமுன், ஒவ்வோர் இடத்திலும் அவர் எதைக் கற்றார், எப்படி விலகினார் என்று விசாரியுங்கள். மகளுக்கும் இதே நீதியை வழங்குங்கள். பெண்பிள்ளை பெரிய கந்தோரில் இருந்தால் போதும், முயற்சி ஆண்பிள்ளைக்கு என்று பிரித்து வைப்பது இக்காலத்துக்கு ஏற்றதன்று.

சங்கத்தார்க்கும் ஒன்று சொல்லுகின்றோம். இம்மண்டபத்தில் கணக்காளர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், வங்கி முகாமையாளராய் இருந்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒருநாள் மாலை இவர்கள் இங்கே அமர்ந்து, நியமனக் கடிதத்தையோ பங்குரிமைப் பத்திரத்தையோ கொண்டுவரும் இளைஞர்களுக்கு அதை வாசித்துப் பொருள் சொன்னால், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதனால் தப்பும் குடும்பங்கள் பல. 2008இல் அந்தத் தம்பிக்கு அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்திருந்தால், சேருமுன்பே அவன் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்டிருப்பான். அவன் பின்பு ஒரு பெரிய கொம்பனியில் சேர்ந்து எட்டாண்டு உழைத்து, இன்று சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறான். அங்கே வேலை செய்வோரின் ஆறு மாதச் சம்பளத்தை வங்கியில் ஒதுக்கி வைத்த பின்னரே புதிய ஆளைச் சேர்ப்பது அவன் வழக்கம்.

இளைஞர்களே, உத்தியோகத்தில் இருக்கும்போது நாளை தனித்து நிற்கக்கூடியவராக உங்களைத் தயார்செய்யுங்கள். முயற்சியில் இறங்கும்போது உங்களை நம்பி வருபவரின் அடுப்பை மறவாதீர்கள். எங்கே இருந்தாலும் வேலையைச் செம்மையாகச் செய்யுங்கள்.